வாசலை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள்

இந்த வாரச் சிந்தனைக்கு ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் எஞ்சினுக்குள், வளர்ச்சியை விரும்பும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய ஒரு பாடம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நுட்பம் உங்களுக்குப் புதிதாயினும் சிறிது பொறுமையோடு என்னுடன் வாருங்கள். கடினமானது ஒன்றுமில்லை.

எஞ்சின் மூச்சினால் வாழ்கிறது. காற்றை உள்ளே இழுக்கிறது, அதற்கேற்ற பெட்ரோலைச் சேர்த்து எரிக்கிறது, எரிந்ததைச் சைலன்சர் வழியாக வெளியேற்றுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுகிறோம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் நாம் திறப்பது காற்றின் கதவை. அந்தக் கதவு பொருத்தப்பட்ட உலோகக் குழலுக்குத் திராட்டில் பாடி என்று பெயர். குழலின் நடுவே நாணயம் போன்ற வட்டத் தகடு ஒன்று அச்சில் சுழன்று, வழியை அடைக்கவும் திறக்கவும் செய்கிறது. உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. அதுவே இ.சி.யூ. என்னும் எஞ்சின் கணினி.

இந்தக் கணினியைப் புரிந்துகொள்ள, முற்காலத்து ஊர்க் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் எல்லைப் பகுதியில் கர்ணம் என்று அழைத்தார்கள். அவர் முன் ஓர் ஏடு இருக்கிறது. அதில் கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பக்கம் எஞ்சின் சுழலும் வேகம், மறுபக்கம் கதவு திறந்திருக்கும் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். பக்கத்துக்குப் 16 வரிசை என்று கொண்டால் மொத்தம் 256 கட்டங்கள். இந்த ஏட்டைத்தான் மெக்கானிக்குகள் மேப் என்கிறார்கள். கணக்குப்பிள்ளை தன் போக்கில் எதையும் முடிவு செய்வதில்லை. ஏட்டில் உள்ளபடி அளந்து கொடுக்கிறார்.

அவருக்குச் செய்தி சொல்லும் ஆட்களும் உண்டு. சென்சார்கள் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். உள்ளே வரும் காற்றின் சூட்டை ஒருவர் சொல்கிறார். மே மாதத்தில் தமிழகத்தின் மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களைச் சொல்லும்போது திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதை நீங்கள் அறிவீர்கள். சூடேறிய காற்று விரிந்து மெலியும். 20 டிகிரியில் இருந்த காற்று 42 டிகிரியை எட்டும்போது அதன் அடர்த்தி ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது. கணினி இதை அறிந்து பெட்ரோலையும் குறைத்துக்கொள்கிறது. எஞ்சினின் சூட்டை வேறொருவர் சொல்கிறார். கதவு எவ்வளவு திறந்தது என்பதை இன்னொருவர் சொல்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல ஆளில்லை. வாசலின் அகலம் எவ்வளவு? அதை அளக்கும் சென்சார் எதுவும் இல்லை. அது மாறவே மாறாது என்ற நம்பிக்கையில்தான் தொழிற்சாலையில் அந்த ஏடு எழுதப்பட்டது.

நமக்கு அறிமுகமான வாலிபர் ஒருவர், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். பைக் பந்தயம் அவருடைய நெடுநாள் ஆவல். அதற்கென்றே பழைய பைக் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கிவரும் பந்தயத் தளம் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று அது. ஒரு போட்டிக்குப் பெயரும் கொடுத்து, பணமும் கட்டிவிட்டார். போட்டிக்குப் பத்து நாள் முன்பு, ஓராண்டுச் சேமிப்பில் பெரிய திராட்டில் பாடி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். முன்பிருந்தது 34 மில்லிமீட்டர், புதியது 38. நான்கு மில்லிமீட்டர் தானே என்று தோன்றும். விட்டத்தைப் பாராமல் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். வாசல் ஏறத்தாழ 25 விழுக்காடு பெரிதாகிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். “ஐயா, லேசா முறுக்கினாலே வண்டி பாயுது!” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “ஆனா நிக்கும்போது துடிக்குது. திடீர்னு முறுக்கினா ஒரு நொடி மூச்சு நின்ன மாதிரி ஆகுது. நல்லா சூடாகுது” என்றார். சென்னை–திருப்பதி சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் அன்று மாலையே இருவரும் சென்றோம். கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்று, இப்போது லேப்டாப்பும் வைத்து வேலை செய்பவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “தம்பி, வாசலை மாத்திட்டே. கணக்குப்பிள்ளைக்குச் சொன்னியா?”

அவர் விளக்கியவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

பாய்ச்சல் வேறு, பலம் வேறு

லேசாக முறுக்கியதும் வண்டி பாய்ந்தது உண்மை. ஆனால் அது எஞ்சினின் பலம் கூடியதால் அன்று. பெரிய வாசலில் கால்பங்கு திறப்பு, சிறிய வாசலில் அதைவிட அதிகத் திறப்புக்குச் சமம். முன்பு பாதி முறுக்கில் கிடைத்தது இப்போது அதற்கு முன்பாகவே கிடைக்கிறது. கைக்கு அது பலம் போலத் தோன்றுகிறது. முழுவதும் திறந்தபின் எஞ்சின் கூடுதலாக இழுக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. பழைய வாசலே எஞ்சினின் தேவைக்குப் போதுமானதாக இருந்திருந்தால், பெரிய வாசலால் உச்சத்தில் ஒன்றும் கூடுவதில்லை.

இதற்குக் கோயம்புத்தூரில் ஓர் அழகான சான்று உண்டு. அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள். பெட்ரோலில் ஓடும் கார்களுக்கு அங்கே ஒரு விதி. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளைக்கு முன்னால் எவ்வளவு பெரிய திராட்டில் பாடியை வைத்தாலும் பயனில்லை. துளைக்குள் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியபின், அதற்கு மேல் ஓரளவும் கூடாது. பாதை முழுவதையும் ஆளுவது அதன் மிகக் குறுகிய இடமே. கெட்டிக்கார மாணவர்கள் வாசலைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, கிடைக்கும் காற்றைச் சரியாகப் பயன்படுத்தும் கணக்கில் தங்கள் இரவுகளைச் செலவிடுகிறார்கள்.

சாட்சியைக் கேளாத வேளை

அப்படியானால், கணக்கு தவறாக இருந்தும் வாலிபரின் வண்டி நடுத்தர வேகத்தில் ஒழுங்காக ஓடியது ஏன்? அங்கே ஒரு சாட்சி இருக்கிறது. சைலன்சர் குழாயில் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் சென்சார் அது. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, ஏறத்தாழ 0.45 வோல்ட்டை நடுக்கோடாக வைத்து, “பெட்ரோல் குறைவு” அல்லது “பெட்ரோல் மிகுதி” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி அதைக் கேட்டு உடனுக்குடன் சிறு திருத்தம் செய்கிறது. சீராகச் செல்லும்போது தவறு மறைந்துவிடுகிறது. வண்டி நன்றாக இருப்பதாகவே தோன்றுகிறது.

ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கும்போது நிலைமை மாறுகிறது. சாதாரண பைக்கின் கணினி அந்த வேளையில் இந்தச் சாட்சியைக் கேட்பதில்லை. முழுப் பலம் தேவைப்படும்போது கலவை சற்றுச் செழிப்பாக இருக்க வேண்டும். இந்தச் சாட்சியால் கூட, குறைவு என்று மட்டுமே சொல்ல முடியும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆகவே கணினி சாட்சியை ஒதுக்கிவிட்டு, ஏட்டை மட்டும் நம்பிப் பெட்ரோலை அளக்கிறது. ஏடோ பழைய வாசலுக்கு எழுதியது! காற்று மிகுந்தும் பெட்ரோல் குறைந்தும் எரியும்போது வெப்பம் எல்லை மீறுகிறது. கலவை தானாக வெடித்து நாக்கிங் உண்டாகிறது. பிஸ்டன் உருகித் துளைபடலாம், அல்லது இறுகிப் பிடித்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் எஞ்சின் இறுகினால் பின்சக்கரம் நின்றுவிடும். அதன்பின் நேர்வது சேமிப்பின் இழப்போடு முடியாது.

“இந்தக் கணக்கோட டிராக்குக்குப் போகாதே தம்பி. மெதுவாப் போனா வண்டி உன்னை மன்னிச்சிடும். முழுசா முறுக்கினா மன்னிக்காது” என்றார் அந்த மெக்கானிக். கட்டிய பணம் திரும்ப வராது. உடன் வேலை செய்யும் நண்பர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். வாலிபர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சரிண்ணே, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்தார். பந்தயத்தில் அடையும் எந்த வெற்றியையும் விட அந்தச் சொல் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

கட்டம் கட்டமாக

அடுத்த சில வாரங்களில் நடந்த வேலையை நான் அவ்வப்போது சென்று கவனித்தேன். முதலில் கணினியை அவர்கள் தொடவே இல்லை. திராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று கசிகிறதா, கேபிள் தளர்வாக இருக்கிறதா, கையை விட்டதும் ஸ்பிரிங் தகட்டை முழுவதும் மூடுகிறதா என்று பார்த்தார்கள். கசிவு இருக்கும்போது எண்களைத் திருத்துவது பொய்க்கு மேல் பொய் எழுதுவதாகும்.

பிறகு, கதவு மூடியிருக்கும் நிலையைக் கணினிக்குப் புதிதாக அறிவித்தார்கள். “இதுவே பூஜ்யம்” என்று முதலில் சொன்னாலன்றி மற்ற அளவுகள் எல்லாம் தவறாகும். அதன்பின் ஐடிலிங். மூடிய கதவின் ஓரமாகக் கசியும் காற்று முன்பைவிட வேறுபட்டிருந்ததால்தான் நிற்கும்போது வண்டி துடித்தது. அது சரியானது.

அதன்பின் ஏட்டின் கட்டங்கள். ஆக்சிஜன் சாட்சிக்குப் பதிலாக, குறைவையும் மிகுதியையும் அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தினார்கள். பைக்கை டைனோ உருளையின் மேல் நிறுத்தி, ஒரு வேகத்தில், ஒரு திறப்பில் நிலையாக ஓட்டி, அளந்து, திருத்தி, மறுபடி அளந்தார்கள். பிறகு அடுத்த கட்டம். கீழ்ப்பகுதிக் கட்டங்கள் முடிந்தபின்பே முழுத் திறப்புக்குப் போனார்கள். அங்கும் முதலில் பெட்ரோலைச் சற்று மிகுதியாகவே வைத்து, அபாயமில்லாத பக்கத்திலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற பழைய பாடம் இப்போது 13.5 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பழைய மனப்பாடத்தை நம்பியவர் அங்கும் தவறுவார்.

இன்ஜெக்டருக்கும் எல்லை உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும்போது, ஒருமுறை எரிவதற்கான இரண்டு சுற்றுகளுக்குக் கிடைப்பது 12 மில்லி நொடிதான். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே இருந்தால், அதன் திறன் தீர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஏட்டில் எவ்வளவு எழுதினாலும் பெட்ரோல் வராது. அதையும் பார்த்துக்கொண்டார்கள். திடீரென முறுக்கும்போது தேவைப்படும் கூடுதல் துளியை அடுத்துத் திருத்தினார்கள். ஸ்பார்க் எப்போது எழ வேண்டும் என்பதைக் கடைசியாக, நாக்கிங்கின் ஓசைக்குச் செவிகொடுத்துக்கொண்டே தொட்டார்கள்.

நம் ஊர் மலைக்கு 365 படிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டின் நாட்களோடு அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். அவற்றுள் எதையும் தாண்டிக் குதித்து ஒருவரும் உச்சி சேர்வதில்லை. 256 கட்டங்களும் அப்படியே. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த கார்புரேட்டர் காலத்தில், பித்தளை ஜெட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் மிகுதி, இளம் பழுப்பு என்றால் நலம். கருவி மாறியது. அளந்து பார்த்துத் திருத்தும் கடமை மாறவில்லை.

முடிவில் கிடைத்தது என்ன? உச்ச வேகத்தில் சிறிய ஏற்றம். அவர் கனவு கண்ட அளவு இல்லை. ஆனால் துடிப்பு நின்றது, சூடு அடங்கியது, எந்தத் திறப்பிலும் எஞ்சின் ஒரே மாதிரி பதில் சொன்னது. பிறகு வந்த ஒரு போட்டியில் ஓடினார். பரிசு எதுவும் பெறவில்லை. வண்டியும் அவரும் முழுமையாக வீடு திரும்பினார்கள்.

இதை வாசிக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இவை பந்தயத் தளத்துக்குரியவை. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தணிச் சாலைகளில் பால் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் காவடி சுமப்போரும் செல்கிறார்கள். அங்கே சோதனைக்கு இடமில்லை.

நம்முடைய ஏடு

அன்பானவர்களே, இப்போது நம் பக்கம் திரும்புவோம். வாழ்க்கையில் வாசல்கள் பெரிதாகும் காலங்கள் உண்டு. மகனுக்கு இரட்டிப்புச் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. இரண்டு தறி வைத்திருந்த குடும்பம் கடன் வாங்கி ஆறு தறி போடுகிறது. சாதாரண உறுப்பினராக இருந்தவர் சங்கத்தின் தலைவராகிறார். வாசல் பெரிதானது நல்லதே. ஆனால் உள்ளே இருக்கும் ஏடு எந்த வாசலுக்கு எழுதியது? ஆறு தறியின் கடனை இரண்டு தறியின் வரவுக் கணக்கில் அடைக்க முடியுமா? நாலு பேருக்குப் பதில் சொன்ன பழக்கத்தோடு நானூறு பேரை வழிநடத்த முடியுமா?

தொடக்கத்தில் எல்லாம் பாய்ச்சலாகவே தோன்றும். லேசாக முறுக்கினாலே வண்டி பாயும். அதைப் பலம் என்று எண்ணிவிடாதீர்கள். நடுத்தர வேகத்தில், மனைவியும் பழைய நண்பரும் முதிய தாயும் “இது குறைகிறது, அது மிகுகிறது” என்று சொல்லிச் சொல்லி நம் தவறுகளைத் திருத்துகிறார்கள். ஆகவே கணக்கு சரியாகவே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. முழு வேகத்தில் ஓடும் நாட்களிலோ அவர்கள் குரல் நமக்கு எட்டுவதில்லை. அந்த நாட்களில் நம்மை நடத்துவது முன்பே எழுதி வைத்த ஏடு மட்டுமே. அதனால், சாட்சியின் குரல் கேட்கும் அமைதியான நாட்களிலேயே அந்த ஏட்டைத் திருத்தி முடியுங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் வாழ்வில் எந்த வாசல் பெரிதானது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு எதிரே, அந்த வாசலுக்கேற்ப நீங்கள் மாற்றிய கணக்கு எது என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தால் அஞ்ச வேண்டாம். கசிவை அடையுங்கள். பூஜ்யத்தைச் சரியாகக் குறியுங்கள். முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். உங்களை அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அளந்து பார்த்துத் திருத்துங்கள். அதுவரை முழுவதும் முறுக்காதீர்கள்.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.